பூனைக்குப் பெரிய எழுத்து இல்லை

சபுர்தாலோவில் எங்கள் லிஃப்ட்
இருபது தெத்ரி நாணயம் விழுங்கினால்தான் நகரும்.
அந்த உண்டியல்மேல் யாரோ ஒட்டிய அம்புக்குறியைப்
பதினோரு வருடமாக ரசிக்கிறேன்:
சிவப்பு இன்சுலேஷன் டேப், மூன்றே துண்டு.
அளவுகோல் தொட்டதில்லை. ஆனாலும்
கண் நேராகப் போய்த் துளையில் விழுகிறது,
காசுக்கு முன்பே.

"லாமாரா, நீ வீட்டுக்கு வருகிறாயா,
கண்காட்சிக்குப் போகிறாயா?" என்பார் ரெவாஸ்,
கதவைக் காலால் பிடித்துக்கொண்டு.

மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்கப் பெட்டிகள்.
இருமல் மருந்தின் ஓரத்தில் அந்த ஒற்றை நீலக் கோடு
மயிரிழை தடித்தால் ஷாம்பு ஆகிவிடும்.
வயிற்றுவலி மாத்திரைக்கு ஆரஞ்சு வட்டம் போட்டவர்
வலித்துப் பார்த்தவர்.
நடுவில் போடவில்லை; சற்றே கீழே, இடப்பக்கம்,
சரியாக அது குத்தும் இடத்தில்.
காலாவதித் தேதியை மடிப்புக்குள் ஒளித்தவரை மட்டும்
தினமும் சபிக்கிறேன்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்
எல்லார் சார்பாகவும்.

எதிர்ச்சாரிக் கடைக்குப் பெயரே கிடையாது.
சுண்ணாம்பில் 'ரொட்டி' என்று ஒரு சொல்.
கடைசி எழுத்தின் வால் அடுப்பின் பக்கம் திரும்பியிருக்கும்.
வேண்டுமென்றா, கை தவறியா,
கேட்டதில்லை. கேட்டுக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

மார்ச்சில் ஒருநாள் லிஃப்டுக்குள் ஒரு தாள்.
கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட காகிதம்.
மேலே பாதிவரை வெற்றிடம்.
அப்படி விடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.
கீழே பச்சை மையில் எழுத்துகள்,
ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் உட்கார்ந்து
வயிற்றை மட்டும் அடுத்த கட்டத்துக்குள் நீட்டியபடி.
எங்கள் மொழியில் பெரிய எழுத்து கிடையாது;
அரசனும் அரைக்கிலோ வெங்காயமும் ஒரே உயரம்.
அதனால் அவசரத்தைச் சொல்ல
சொற்களை விலக்கி விலக்கி வைத்திருந்தது அந்தக் கை,
படியேறி வந்தவர் மூச்சு வாங்கிப் பேசுவதுபோல.
விளிம்பில் தொலைபேசி எண், எட்டுத் துண்டாகக் கத்தரித்த குஞ்சம்.
ஒன்றைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

நான் திருடினேன். டேப்பை நகத்தால் உரித்து
முழுத் தாளையும்.
இருபது தெத்ரிக்கு இப்படியொரு சரக்கு எங்கே கிடைக்கும்?

இரவு மேசை விளக்கடியில் ரெவாஸுக்கு
வெற்றிடத்தைக் காட்டினேன், குஞ்சத்தைக் காட்டினேன்,
மை வறண்டு மறுபடி தொட்ட இடத்தைக் காட்டினேன்.
அவர் உருளைக்கிழங்கை மென்றபடி வாசித்தார்:
"சாம்பல் நிறம். இடது காதில் வெட்டு.
ஜுஜுனா என்று கூப்பிட்டால் வராது.
பாலாடைக்கட்டி காட்டினால் வரும்."

நான் வாசித்திருக்கவில்லை.
ஒவ்வோர் எழுத்தின் இடுப்பையும் அளந்தவள்
சேர்த்துப் படிக்கவில்லை.
நான்கு நாளாக எங்கள் கடையின் பின்கட்டில்,
நீலக்கோட்டு மருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள்
சாம்பலாக ஒன்று சுருண்டு கிடக்கிறது.
அதன் காதைப் பார்த்திருக்கிறேன்.
கச்சிதமான கோணம் என்றுகூட நினைத்தேன்.

ஒரு துண்டைக் கிழித்து எண்ணை அழைத்தேன்.
பள்ளிக்கூடத்துப் பெண் வருவாள் என்றிருந்தேன்.
வந்தவர் ஏழாம் மாடி கோச்சா, கான்கிரீட் லாரி ஓட்டுகிறவர்,
கட்டைவிரலே ஒரு கட்டம் அகலம்.
பூனையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அது
என்னைப் பார்க்கவில்லை.

அடக்க முடியாமல் கேட்டேன்:
"மேலே அவ்வளவு இடம் எதற்காக விட்டீர்கள்?"

"போட்டோ ஒட்டலாம் என்று" என்றார்.
"ஃபோன் முழுக்கத் தேடினேன். லாரி இருக்கிறது, மீன் இருக்கிறது.
இவளை ஒருமுறைகூட எடுக்கவில்லை."

தாளை லிஃப்டிலேயே திரும்ப ஒட்டிவிட்டேன்.
ஏழு துண்டு தொங்குகிறது.
பூனைதான் கிடைத்துவிட்டதே, எடுத்துவிடு என்கிறார் ரெவாஸ்.
எடுக்க வேண்டும்தான்.
இடது மூலை சற்று இறங்கியிருக்கிறது,
முதலில் அதைச் சரிசெய்துவிட்டு.